அரிய பச்சைக்கல்தான்... ஆனா விரலுக்கு வேண்டாம்!

எகானைட். பேரைக் கேள்விப்பட்டவங்களே குறைவு. 1953-ல் இலங்கையின் எஹலியகொட பகுதி ரத்தினக் குழியில், ஆற்றுச் சரளைக்கு நடுவே எஃப்.எல்.டி. ஏகநாயக்க கண்டெடுத்த பச்சைக் கல் இது. புதிய கனிமம் என்று உறுதியானதும், 1961-ல் அவர் பெயரையே வைத்தார்கள்.

கால்சியமும் தோரியமும் சேர்ந்த சிலிகேட். எடையில் கால் பங்குக்கும் மேல் தோரியம். சிக்கலே அதுதான். அதன் கதிர்வீச்சு, கல்லுக்குள் அணுக்கள் அடுக்கப்பட்டிருந்த ஒழுங்கையே கோடிக்கணக்கான ஆண்டுகளில் குலைத்துவிட்டது. பார்க்க ரத்தினம், உள்ளே கிட்டத்தட்ட கண்ணாடி!

கழுவினாலும் சூடுபடுத்தினாலும் கதிரியக்கம் போகாது. தோரியம் பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். பட்டை தீட்டுபவரின் மூச்சில் போகிற தூசி இன்னும் ஆபத்து. அவரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

'ரொம்ப ரேர்' என்ற ஒரே வார்த்தைக்காகக் கல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சேகரிப்பாளர் பெட்டியில் மூடி வைப்பது வேறு, மோதிரமாகப் போட்டு நாள் முழுக்க உடம்போடு வைத்திருப்பது வேறு. விற்பவர் பில்லிலேயே 'கதிரியக்கம் உள்ள கல்' என்று எழுதித் தரணும். மறுத்தால், கல்லை அங்கேயே வெச்சுட்டு வந்துடலாம்.