அமெரிக்க ஜனநாயகத்தின் யோக்கியதை

நம் கதைகளிலே ராஜா வாரிசில்லாமல் செத்துப்போனால் பட்டத்து யானையிடம் மாலையைக் கொடுத்துத் தெருவில் விடுவார்கள். அது எவன் கழுத்தில் போடுகிறதோ அவனே ராஜா! அமெரிக்காவில் அப்படியில்லை, எல்லாம் எழுதிவைத்த சட்டப்படியே நடக்கும் என்று நம் படிப்பாளிகள் பெருமை பேசுகிறார்கள். அச்சட்டத்தைச் சற்றுப் பார்ப்போம்.

அங்கு 538 தேர்வாளர்கள் கூடிப் பிரசிடெண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எவருக்கும் 270 கிடைக்காவிட்டால் 1804-ம் வருஷத்து 12-வது திருத்தப்படி முதல் மூவரில் ஒருவரைப் பிரதிநிதிகள் சபை பொறுக்கும். ஜனவரி 20 பகல் 12 மணிக்குள் அதுவும் முடியாவிட்டால், உப பிரசிடெண்டாகத் தேர்ந்தவர் அவ்வேலையைப் பார்ப்பார். அவருமில்லையேல் 1947-ம் வருஷத்துச் சட்டப்படி சபாநாயகர் தம் பதவியை ராஜினாமா செய்துவிட்டு வந்து உட்காருவார். பழையவர் ஒரு நிமிஷமும் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. இதுவரை நாம் குறை சொல்லவில்லை.

நிற்க. அச்சபையில் ஓட்டு ஆளுக்கொன்று என்று நினைத்துவிடாதீர்கள். மாகாணத்துக்கு ஒன்று! 2020-ம் வருஷ ஜனக்கணக்குப்படி கலிபோர்னியாவில் சுமார் 3 கோடியே 95 லட்சம் பேர். வயோமிங்கில் 5 லட்சத்து 77 ஆயிரம் பேர். இரண்டுக்கும் ஒரே ஓட்டுத்தான். 26 மாகாணம் சேர்ந்தால் காரியம் முடிந்தது. தலைநகரான வாஷிங்டனிலோ சுமார் 6 லட்சத்து 90 ஆயிரம் பேர்; கறுப்பு மக்கள் பெருந்திரளாக வாழும் ஊர். வயோமிங்கைவிடப் பெரிது. அதற்கு எத்தனை ஓட்டு? ஒன்றுமில்லை! அது மாகாணமல்லவாம். வரி கொடுக்கலாம், பட்டாளத்துக்குப் போகலாம், பிரசிடெண்டின் மாளிகையும் அவர்கள் ஊரிலேயே இருக்கலாம். அம்மாளிகையைக் கட்டியதில் கறுப்பு அடிமைகளின் உழைப்பும் உண்டு. ஆனால் பொறுக்குகிற அறைக்குள் அவ்வூருக்கு இடமில்லை. கோயிலுக்குக் கல் சுமந்தவன் வெளியே நிற்கவேண்டும் என்கிற நம்மூர் நியாயத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

1824-ல் ஜாக்சனுக்கு 99 தேர்வாளர், ஆடம்ஸுக்கு 84. ஜனங்கள் ஓட்டும் ஜாக்சனுக்கே அதிகம். சபையோ 1825-ல் ஆடம்ஸைப் பொறுக்கியது. அவருக்கு ஆதரவளித்த சபாநாயகர் ஹென்றி கிளே பின்னர் அவரிடமே மந்திரியானார். பேரம் என்று ஜாக்சன் கட்சியார் கூச்சலிட்டார்கள். பேரம் நடந்ததோ இல்லையோ, நடக்க இடமிருந்ததல்லவா?

இதை மாற்றக்கூடாதா என்றால், பெரியோர்கள் எழுதியது என்கிறார்கள். அப்பெரியோர்களே தாங்கள் எழுதியதை நம்பி, 1800-ம் வருஷத் தேர்தலில் ஜெபர்சனுக்கும் பர்ருக்கும் 73-க்கு 73 என்று வந்து, சபையில் 36 தரம் ஓட்டெடுத்துத் திண்டாடிய பிறகுதானே 1804-ல் அதைத் திருத்தினார்கள்?