கிராங்க்குக்குப் பார்த்த பத்துப் பொருத்தம்

கல்யாணத்துக்குக்கூட பத்துப் பொருத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பையனின் கியர் சைக்கிளுக்கு கிராங்க் செட் தேடினபோது அந்தப் பத்து எனக்குப் போதவில்லை.

இடக்கொச்சியில் சைக்கிள் வைத்திருப்பது உப்போடு குடித்தனம் நடத்துவது மாதிரி. பக்கத்தில் காயல், மேலே மழை. மூன்றே வருஷத்தில் முன்பக்கப் பல்சக்கரத்தின் பற்கள் சுறாத் துடுப்பு மாதிரி ஒரு பக்கமாக வளைந்து தேய்ந்துவிட்டன. அரூர் பாலம் ஏறும்போது பையன் எழுந்து நின்று மிதிக்க, செயின் வழுக்கி, கால் காற்றில் போய்விட்டது. பின்னால் கன்டெய்னர் லாரி. அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கும் அவன் அம்மாவுக்கும் அன்று ராத்திரி தூக்கம் இல்லை.

மறுநாள் கடைக்குப் போனால், "சாரே, இது மாத்ரமாயிட்டு கிட்டில்லா" என்றார் மெக்கானிக். பல்சக்கரங்களை கிராங்க்கோடு சேர்த்து ரிவெட் அடித்திருக்கிறார்கள். போல்ட் போட்டிருந்தால் சக்கரத்தை மட்டும் மாற்றலாம். ரிவெட் என்றால் மொத்தமும் போச்சு. புது சைக்கிளே வாங்கிவிடுங்கள் என்று யோசனையும் சொன்னார்.

அப்பாவின் சைக்கிள் ஞாபகம் வந்தது. காட்டர் பின் தேய்ந்தால் எந்தக் குக்கிராமத்துப் பங்க்சர் கடையிலும் இன்னொன்று கிடைக்கும். சைக்கிள் 1949-இல் தொடங்கின அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸில் செய்ததா, லூதியானாவில் செய்ததா என்று கடைக்காரர் கேட்கவே மாட்டார். ஃபோர்ட் கொச்சி வேளியில் நம்ம தமிழ் சலவைக்காரர்களின் தோபிகானா இருக்கிறது. துணி மூட்டை ஏற்றும் அந்த மாதிரிப் பழைய சைக்கிளுக்கு இந்தக் கவலை இல்லை. பழசு எல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. அது கனம், மேடு ஏறாது, காட்டர் பின் ஆடினால் கடக் கடக் என்று உயிரை வாங்கும். ஆனால் அதைச் சரிசெய்ய முடிந்தது.

வலையில் ஒரு கிராங்க் செட் வாங்கினேன். "எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்தது. பொருந்தவில்லை. சதுர ஓட்டை அச்சில் சரியாகத்தான் உட்கார்ந்தது, ஆனால் சின்னப் பல்சக்கரம் சைக்கிளின் பின் கம்பியில் உரசியது. அச்சின் நீளம் போதவில்லை! பழைய செட்டும் புது செட்டும் பார்க்க ஒரே மாதிரி, ஆனால் அச்சிலிருந்து சக்கரம் தள்ளி நிற்கும் தூரம் வேறு. கூடுதல் நீள அச்சோடு புது பாட்டம் பிராக்கெட் போட்ட பிறகுதான் சுற்றியது. கழற்றும்போது இன்னொரு கூத்து. செயின் பக்கத்துக் கப்புக்கு மரை தலைகீழ், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். கடைப் பையன் தெரியாமல் இடப்பக்கம் திருப்பி இறுக்கிக்கொண்டிருந்தான்.

ஆகவே தேடுகிறவர்கள் பழைய கிராங்க்கைக் கையில் எடுத்துக்கொண்டே போங்கள். கையின் பின்புறம் நீளம் பொறித்திருக்கும், பெரும்பாலும் 170 மி.மீ. பற்களை எண்ணுங்கள். அச்சு சதுரமா, உருண்டையா பாருங்கள். சதுரத்திலும் ஜப்பான் அளவு, ஐ.எஸ்.ஓ. அளவு என்று இரண்டு ஜாதி உண்டு. மாறிப்போனால் சில மில்லிமீட்டர் தள்ளி உட்காரும். அச்சு நீளமும் பின்பக்கம் எத்தனை கியர் என்பதும் முக்கியம், அதற்கேற்ப செயின் அகலம் மாறும். கழற்ற புல்லர் கேளுங்கள். சுத்தியலை எடுக்கிற கடையில் சைக்கிளை விடாதீர்கள்.

எனக்கு மெக்கானிக் மேல் கோபம் இல்லை. அவர் எத்தனை ரகம்தான் வாங்கி அடுக்குவார்? கோபமெல்லாம் நாலு போல்ட் காசை மிச்சம் பிடித்து ரிவெட் அடிக்கிறவர்கள் மேல்தான். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், மோட்டார் வாகனம் என்று நாலு துறை சொன்னார்கள். சைக்கிளைக் காணோம். வண்டி கட்டுப்படியாகாதவன் ஓட்டுகிற வண்டி, யாருக்கு ஞாபகம் வரும்?

நாமாவது கடையில் கேட்கலாம். கலர், டிஸ்க் பிரேக், கியர் எத்தனை என்று கேட்கிற நாம், "பல்சக்கரம் போல்ட்டா, ரிவெட்டா?" என்று குனிந்து பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

பழைய கிராங்க்கை ஞாயிற்றுக்கிழமை ஆக்ரி எடுக்க வந்தவரிடம் கொடுத்தேன். நம்ம ஊர்ப் பக்கத்துக்காரர்தான். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை அலுமினியம், சக்கரம் இரும்பு. பிரிக்க முடியாது சார். இரும்பு விலைதான் தருவேன்" என்றார்.