கைத்திறனும் கைவரிசையும்

வீட்டுப் பூட்டை உடைப்பவனைக் கள்வன் என்கிறோம். கணினிப் பூட்டை உடைக்கும் மாணவனையோ, "கெட்டிக்காரப் பிள்ளை" என்று மெச்சுகிறோம். இம்மெச்சுதல் தகுமா என்பதை இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

2016 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நம் நாட்டு ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தினுள் எவரோ புகுந்தனர். உயர்தரப் பரீட்சையை ஏப்ரலில் நடத்தும் முடிவை மீண்டும் ஆராயுமாறு அதிலே எழுதி வைத்தனர். சில நாட்களில், கேகாலை எல்லையை அடுத்த கடுகண்ணாவையில் 17 வயது மாணவர் ஒருவர் சந்தேகத்தின் பேரில் கைதானார். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியின்றிப் பிறர் கணினியுள் நுழைவதே குற்றமாகும். எதையும் திருடியிருக்க வேண்டுவதில்லை.

பரீட்சைத் திகதி குறித்து மாணவர் குறைகூறுவது தவறன்று. விண்ணப்பம் எழுதலாம், ஒன்றுகூடிக் கேட்கலாம். வழி பிழைத்தபோது, கேட்ட கேள்வி மறைந்து குற்றமே எஞ்சிற்று.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. பிரித்தானியத் தகவல் ஆணையாளர் அலுவலகம், கல்விநிலையங்களில் உள்ளிருப்போரால் நேர்ந்த 215 தகவல் மீறல்களை ஆராய்ந்து 2025 இல் முடிவை வெளியிட்டது. அவற்றுள் 57 விழுக்காடு மாணவர் செய்தவை. கடவுச்சொல்லை ஊகித்தும், தாளில் குறித்து வைத்ததைக் கண்டும் நுழைந்தோர் உளர். ஆதலின் ஆசிரியராகிய எமக்கும் இதிலே பாடமுண்டு.

இதனால் யாருக்கு நட்டம்? செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு வெளிநாட்டுப் படிப்பு உண்டு, செல்வாக்கும் உண்டு. லயத்து அறையில் விளக்கொளியிற் படிக்கும் தோட்டப் பிள்ளைக்கோ பெறுபேற்றுத் தாள் ஒன்றே சொத்து. பல்கலைக்கழக இடங்களில் 5 விழுக்காடு கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படுகிறது. நம் இரத்தினபுரியும் அவற்றுள் ஒன்று. அங்கே இஸட் புள்ளியின் நான்காம் தசமத்திலும் ஒரு பிள்ளையின் எதிர்காலம் ஊசலாடும். பதிவேட்டில் ஓர் எண் மாற்றப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாற் போதும். நேர்மையாகப் பெற்ற புள்ளியும் மதிப்பிழக்கும்.

பெற்றோரே, பிள்ளையின் கணினித் திறனைக் கண்டு மகிழுங்கள். அத்திறன் எங்கே செல்கிறது என்றும் கேளுங்கள். மாணவரே, ஓர் இணையத்தளத்திற் பழுது கண்டால் அதற்குரியோரிடம் அறிவியுங்கள். இரத்தினக்கல் அகழவும் அனுமதிப்பத்திரம் வேண்டும் ஊர் நம்முடையது. பிறர் நிலத்தில் இரவில் தோண்டுபவனை எவரும் வல்லவன் என்று போற்றுவதில்லை.