சன்னக் காயத்துக்குச் சுற்றிவளைத்த விளக்கம் எதற்கு?

இலங்கைத் தீவில் எம்மினத்துக்கு நேர்ந்ததைப் பற்றிப் பேச்செடுத்தாலே "அது மிகவும் சிக்கலானது" என்று கூறி நகர்ந்துவிடும் வழக்கம் ரொறன்ரோவின் அரசியலாளரிடமும் ஊடகத்தாரிடமும் உண்டு. எம்மவர் சிலரும் அப்படிப் பேசுவதையே நாகரிகமாகக் கருதத் தலைப்பட்டுள்ளனர். சிக்கல்கள் உள்ளன, மறுக்கவில்லை. ஆனால் எக்கேள்விக்கும் அதுவே விடையென்றால் அது விடையன்று, தப்பிக்கும் வழி.

14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் துறவி ஒக்கம் ஊர் வில்லியத்தின் பெயரால் மெய்யியலில் ஒரு நெறி வழங்குகிறது: ஒன்றை விளக்கத் தேவைக்கு மிஞ்சிய ஊகங்களைச் சேர்க்காதே. வேண்டாதவற்றை மழித்தெறிவதால் அதற்குச் சவரக்கத்தி என்று பெயர். தமிழருக்கும் இது அந்நியமன்று. மிகைபடக் கூறலை நூற்குற்றங்களுள் ஒன்றாக வைத்தது நன்னூல்.

அக்கத்தியைத் திருகோணமலைக்குக் கொண்டுசெல்வோம். 2006 சனவரி 2 மாலை, கடற்கரையில் 5 தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். தாம் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தே அவர்கள் இறந்தனர் என்றது படைத்தரப்பு. குண்டு வெடித்தது மெய்தான். முச்சக்கர வண்டியிலிருந்து அது வீசப்பட்டதாகச் சாட்சிகள் கூறினர். ஆனால் பிரேத பரிசோதனை காட்டியதோ துப்பாக்கிச் சன்னக் காயங்களை. அக்காயங்களைப் படம்பிடித்து உலகறியச் செய்த 'சுடர் ஒளி' ஊடகவியலாளர் சுகிர்தராஜன் சனவரி 24 அன்று அதே நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். சாட்சிகள் அச்சுறுத்தப்பட்டனர். மருத்துவரான தந்தை ஒருவர் நாட்டைவிட்டு வெளியேறி, ஜெனீவா வரை சென்று நீதி கேட்டார்.

படைத்தரப்பின் கதையை நம்ப எத்தனை ஊகங்கள் வேண்டும்! கைக்குண்டு தலையில் சன்னக் காயத்தை உண்டாக்க வேண்டும். படமெடுத்தவர் 22 நாளில் வேறெதற்கோ கொல்லப்பட்டிருக்க வேண்டும். சாட்சிகள் வேறெதற்கோ அஞ்சியிருக்க வேண்டும். இவை யாவும் ஒன்றோடொன்று தொடர்பற்று நிகழ்ந்திருக்க வேண்டும். மற்றைய விளக்கத்துக்கு வேண்டியது ஒன்றே: சுட்டவர்கள் மறைக்கிறார்கள்.

எளிமை மட்டும் எவரையும் குற்றவாளியாக்காது. அதற்கு நீதிமன்றம் வேண்டும். அந்த நீதிமன்றம் என்ன செய்தது? விசேட அதிரடிப்படையினர் 12 பேர் 2013இல்தான் கைதாகினர். இவ்வழக்கின் சந்தேகநபர்கள் 13 பேரும் போதிய சான்றில்லையென 2019 யூலையில் விடுவிக்கப்பட்டனர். சான்று சொல்லவேண்டியவர்களைத் துரத்திவிட்டுச் சான்றில்லை என்பது என்ன நியாயம்?

இக்கத்தி எம் பக்கமும் வெட்டும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். எது நடந்தாலும் அந்நிய உளவுத்துறையின் சதி என்று ஸ்காபரோவின் கோப்பிக் கடைகளில் பின்னப்படும் கதைகளில் பாதி இதன்முன் நில்லா. போகட்டும். அக்கதைகள் எவரையும் கொன்றதில்லை.

திருகோணமலையும் சிக்கலானதே என்போர் ஒன்று செய்யட்டும். சுகிர்தராஜன் எடுத்த படங்களை முன்னே வைத்து, அந்தச் சிக்கல் எந்தப் படத்தில் உள்ளது என்று எமக்குச் சுட்டிக்காட்டட்டும்.