நிரூபிக்கும் பாரம் எவர் தலையில்?

முன்னோரின் எலும்பை மண்ணில் அடக்குவதற்கும் ஒரு மக்கட்கூட்டம் விஞ்ஞானத்திடம் அத்தாட்சி பெற்றுவர வேண்டுமா? வேண்டும் என்றே அமெரிக்க நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன.

1996ஆம் ஆண்டு, வொஷிங்டன் மாநிலத்துக் கெனெவிக் நகரருகே, கொலம்பியா நதியில் ஒரு மனிதனின் எலும்புகள் அகப்பட்டன. அவன் ஏறத்தாழ 8,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். இடுப்பெலும்பிலே கல் ஈட்டிமுனை பதிந்திருந்தது. அப்பகுதியின் ஐந்து ஆதிக்குடிகள், "இவர் எம் முன்னோர்" என்று உரிமை கோரின. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒப்படைக்க அரசாங்கமும் முன்வந்தது. எட்டு ஆய்வாளர் வழக்கிட்டுத் தடுத்தனர். மண்டையோட்டின் அமைப்பு இன்றைய ஆதிக்குடிகளை ஒத்ததன்று என்ற வாதமும் எழுந்தது.

2004இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது யாது? சட்டத்தில் "ஆதிக்குடியாக இருக்கின்ற" என நிகழ்காலச் சொல் நிற்கிறதாம்! ஆகவே, இன்று வாழும் குடியொன்றோடு அவ்வெலும்புக்குள்ள தொடர்பு நிரூபிக்கப்பட வேண்டுமாம்! வாய்மொழி வரலாறு போதாதாம்! ஒரு வினைச்சொல்லைக் கொண்டு ஒரு மக்களின் பூர்வீகத்தையே அறுத்தெறிந்தனர். தலைமுறை தலைமுறையாய் உழுத காணிக்கு, "முப்பாட்டனின் உறுதி எங்கே?" என்று உழவனைக் கேட்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

2015இல் கொப்பன்ஹேகன் ஆய்வாளர் கையெலும்புத் துண்டொன்றிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்தனர். ஐங்குடிகளுள் ஒன்றான கொல்வில் மக்கள் ஒப்பீட்டுக்காகத் தம் உமிழ்நீரை மனமுவந்து அளித்தனர். முடிவு யாது? உலகின் வேறெம் மக்களினும் அமெரிக்க ஆதிக்குடிகளுக்கே அவன் நெருங்கியவன்! ஒரே இனத்துள்ளும் மண்டையோடுகள் பலவாறு வேறுபடும். தனியொரு மண்டையோட்டை அளந்து குலம் கூறவியலாது என்பதும் தெளிவாயிற்று.

"ஆய்வாளர் வென்றமையாலன்றோ உண்மை வெளிவந்தது?" என்பர் சிலர். நாம் கேட்கிறோம்: 2000ஆம் ஆண்டளவில் இதே எலும்புகளில் மரபணு தேடிய முயற்சிகள் தோல்வியுற்றன. பிற்காலக் கருவிகள் தோன்றாதிருப்பின், அம்மக்களின் உரிமை ஒழிந்திருக்குமா? மரபணு உறவைக் காட்டும், உரிமையை வழங்காது. சம்மதம் கேட்டிருந்தால் அறிவும் வளர்ந்திருக்கும், மானமும் பிழைத்திருக்கும். கொல்வில் மக்களின் உமிழ்நீரே அதற்குச் சாட்சி.

தவற்றைத் திருத்தியது நீதிமன்றமன்று. 2016இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றிய பின்னரே, 2017 பெப்ரவரியில் அம்முதியோன் மண்ணுக்குத் திரும்பினான். இருபது ஆண்டுகள் அவன் பெட்டியிற் கிடந்தான்!

விஞ்ஞானத்தை நாம் பகைக்கவில்லை. அதன் துணையால் உண்மை வென்றதை மகிழ்ந்து வரவேற்கிறோம். ஆயினும் உரிமையைப் பறித்தவன் நிரூபிக்கட்டும், இழந்தவனைக் கூண்டிலேற்றாதீர்! அதுவே நீதி.