நாட்களை எண்ணினால் போதுமா?

இதயம் எங்கே இருக்கிறது என்று ஐந்தாம் தரத்துப் பிள்ளையிடம் கேட்டாலும் நெஞ்சில் கை வைத்துக் காட்டும். கருப்பை எங்கே இருக்கிறது என்று எங்கள் வயதுப் பெண்களிடம் கேளுங்கள். சிலர் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். சிலர் "வயிற்றுக்குள்ள" என்று மெல்லச் சொல்வார்கள். சொந்த உறுப்பின் பெயரைச் சொல்லக் கூசுவதற்கு வெட்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அதை அறியாமை என்றே நான் சொல்வேன்.

இந்த விடயத்தில் மார்க்கம் எங்களைக் கைவிடவில்லை. ஹைழின் குறைந்த காலம் ஒரு பகலும் ஓர் இரவும், கூடிய காலம் 15 நாட்கள் என்று ஷாபிஈ மத்ஹபின்படி மத்ரஸாவிலேயே படித்துவிடுகிறோம். அன்சாரிப் பெண்கள் வெட்கம் பாராமல் மார்க்க விளக்கம் கேட்டறிந்ததை ஆயிஷா (ரழி) அவர்கள் பாராட்டியதாக ஹதீஸில் வருகிறது. ஆனால், நாட்களை எண்ணத் தெரிந்த எங்களில் பலருக்கு, அந்த நாட்களில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

அது சொல்லக் கூடாத கதையல்ல. சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே, கவிழ்த்த பேரிக்காய் போல, 7 சென்ரிமீற்றர் அளவில் இருக்கிறது கருப்பை. அதன் கீழ்ப்பகுதியான கருப்பைக் கழுத்து யோனிக்குள் திறக்கிறது. மேலே இரு பக்கமும் பலோப்பியன் குழாய்கள். அவற்றின் விரல் போன்ற முனைகளுக்கு அருகே வாதுமைக் கொட்டை அளவில் இரண்டு சூலகங்கள். பெண் குழந்தை பிறக்கும்போதே அவற்றில் 10 முதல் 20 இலட்சம் முட்டைக் கலங்கள் இருக்கின்றன. ஆயுளில் முதிர்ந்து வெளிவருபவை சுமார் 400 மட்டுமே. முட்டை முதிரும்போது ஈஸ்திரசன் கருப்பையின் உட்படலத்தைத் தடிப்பாக்குகிறது. முட்டை வெளியேறிய பின் புரொஜெஸ்தரோன் அதைப் பேணுகிறது. கரு தங்காவிட்டால் இரு ஓமோன்களும் குறைந்து, படலம் கழன்று உதிரத்தோடு வெளியேறுகிறது. பெரியவர்கள் சொல்லும் "கெட்ட இரத்தம்" என்று எதுவும் அதில் இல்லை.

இதை அறிவதால் பரீட்சைப் புள்ளி மட்டுமா கிடைக்கும்? முதல் ஓரிரு வருடங்கள் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு என்று தெரிந்த பிள்ளை வீணாகப் பயப்பட மாட்டாள். ஏழு நாளைத் தாண்டியும் உதிரம் நிற்காவிட்டால், மணிக்கொரு பேட் நனைந்தால், மாதாமாதம் பாடசாலைக்குப் போக முடியாத அளவு வலித்தால் வைத்தியரிடம் போக வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். கருப்பையின் உட்படலம் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெற்றியோசிஸ் நோய், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. "பொம்புளப் பிள்ளையென்றால் தாங்கத்தான் வேணும்" என்ற ஒரு வார்த்தை, அதைப் பல வருடங்கள் மறைத்துவிடும்.

எங்கள் நாட்டில் 2017 முதல் ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி ஏற்றப்படுகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது. கருப்பைக்குக் கழுத்து என்று ஒரு பகுதி இருப்பதே தெரியாத பிள்ளைக்கு, அந்த ஊசி ஏனென்று எப்படி விளங்கும்?

உம்மாமாரே, மகள் பருவமடைந்த பிறகு பதறிக்கொண்டு சொல்வதை முன்கூட்டியே ஆறுதலாகச் சொல்லுங்கள். வாப்பாமாரே, மகள் வலியென்று சுருண்டு படுத்தால், அது பெண்கள் விடயமென்று எழும்பிப் போகாதீர்கள். வைத்தியரிடம் கூட்டிப் போவதும் உங்கள் பொறுப்புத்தான். தோழியரே, பாடநூலின் அந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டாதீர்கள். தங்கை ஆறாம் தரத்தில் இருந்தால், ஊசி ஏற்றுவதற்கு முதல் நாள் இரவு அவளருகில் அமர்ந்து, அந்த உறுப்பின் பெயரையும் அது செய்யும் வேலையையும் சொல்லிக் கொடுங்கள். பத்து நிமிடம் போதும்.