வெயில் தின்னும் சிறுநீரகம்

சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பும் இல்லை. பிறகு ஏன் காட்டுவேலை செய்கிறவரின் சிறுநீரகம் பழுதாகிறது?

2023இல் சென்னை மருத்துவக் கல்லூரியும் பொது சுகாதாரத் துறையும் தமிழகத்தின் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்தன. ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய். அவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவுமே இல்லை! ஆய்வாளர்களின் சந்தேகம் வெயில் மீது விழுகிறது. மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவின் கரும்புக் காடுகளிலும் இதே துயரம். தண்ணீர், நிழல், ஓய்வு கொடுத்த பிறகு அங்கே பாதிப்பு குறைந்தது.

அரசின் 'சிறுநீரகம் காப்போம்' திட்டத்தில் சிறுநீரில் புரதம் பார்க்கிறார்கள். நல்ல தொடக்கம்தான். ஆனால் இந்த வகை நோயில் புரதம் அதிகம் கசிவதில்லை. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைப் பார்த்தால்தான் பிடிபடும். ஆத்தூர், ராசிபுரம் பக்கம் மரவள்ளிக் காட்டில் உழைப்பவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை அந்தச் சோதனையை அரசு இலவசமாகச் செய்ய வேண்டும்.